கல்லாவும் சிறுநீரகக் கல்லும்

பங்குனி பிறந்துவிட்டால் பிள்ளையார்பாளையத்து மளிகைக் கடைகளில் பார்லி அரிசி கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிறார்கள். கூடவே கால் கிலோ கொள்ளு. நாட்டு மருந்துச் சரக்கு வைத்திருக்கும் கடையென்றால் நெருஞ்சில் முள்ளும் சிறுபீளையும் கேட்பார்கள். யாருக்கு என்று விசாரித்தால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்க வீட்டுக்காரருக்குக் கல்லுங்க, வலி தாங்கலை." அந்த வீட்டுக்காரர் தறியில் உட்காருகிறவராக இருக்கலாம், சாயப் பட்டறையில் கொதிக்கும் அண்டா முன் நிற்கிறவராக இருக்கலாம். பொட்டலம் மடித்துக் கொடுக்கிற நமக்கும் அதே வலி வந்து போயிருக்கிறது என்பது மட்டும் கேட்க வந்தவருக்குத் தெரியாது.

சங்கக் கூட்டங்களில் ஜி.எஸ்.டி.யும் உரிமக் கட்டணமும் பேசி முடித்து டீ குடிக்கிற நேரத்தில் பேச்சு எங்கே போகிறது என்று கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று போகும். இப்போது கல்லும் சேர்ந்துகொண்டது. "உங்களுக்கு எத்தனை மில்லிமீட்டர்?" என்று சரக்கின் ரகம் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்கிறோம்.

இதைப்பற்றிப் படித்தும் விசாரித்தும் பார்த்ததில் நமக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடைக்காரருக்குக் கல் வருவதற்கு அவர் சாப்பிடுகிற பொருளைவிட அவர் குடிக்காத தண்ணீரே பெரிய காரணம். அவர் ஏன் குடிப்பதில்லை என்றால், குடித்தால் எழுந்து போக வேண்டும். எழுந்து போனால் கல்லாவை யார் பார்ப்பது? போவதற்கு இடம்தான் எங்கே?

கற்கண்டு செய்கிற கணக்கு

கல் எப்படி உண்டாகிறது என்பதை நம் வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்கு விளக்குவது சுலபம். சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, நடுவில் நூலைத் தொங்கவிட்டு ஆறவைத்தால் நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு விளைகிறது. பாகு நீர்த்துப் போயிருந்தால் விளையாது. சிறுநீரிலும் அதே கதைதான். ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடித்தெடுக்கும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை தண்ணீர் போதுமான அளவு இருக்கும்வரை கரைந்தே வெளியேறும். தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டியானால் இவை படிகமாகும். ஒரு படிகம் தங்கிவிட்டால் அதுவே நூலாகி, மேலும் மேலும் பற்றிக்கொள்ளும்.

கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். சர்க்கரை வியாதியும் தொப்பையும் உள்ளவர்களிடம் யூரிக் அமிலக் கற்கள் அதிகம் காணப்படுகின்றன. நம்மில் எத்தனை பேர் அந்த வரிசையில் நிற்கிறோம் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம். சிறுநீர்த் தாரையில் கிருமி தொற்றி அதனால் உண்டாகும் கற்களும் உண்டு. அவை சத்தமில்லாமல் வளர்ந்து சிறுநீரகத்தையே நிறைத்துவிடும்.

இனி ஒரு மளிகைக் கடைக்காரரின் நாளைப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் வந்து இறங்குகிறது. அப்போது ஒரு காபி. எட்டரை மணிவரை பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகிற கூட்டம். பத்து மணிக்கு ஒரு டீ. பிறகு சரக்கு வண்டி, பில் பார்ப்பது, மூட்டை அடுக்குவது. தகரக் கூரை போட்ட கிடங்கில் சித்திரை மாதம் அரைமணி நேரம் நின்றால் சட்டை பிழிகிற அளவு நனைகிறது. மதியம் சாப்பாட்டோடு ஒரு சொம்புத் தண்ணீர். நாலு மணிக்கு டீ, ஆறு மணிக்கு டீ. இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டும்போதுதான் தாகம் நினைவுக்கு வருகிறது. மொத்தம் ஒன்றரை லிட்டர் உள்ளே போயிருந்தால் அதிகம். வியர்வையில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தை வைத்துக்கொண்டு சிறுநீரகம் என்ன செய்யும்? பாகு காய்ச்சுகிறது.

தறிக்காரர் நிலையும் இதற்குக் குறைந்ததில்லை. கோர்வைச் சேலைக்கு நெய்கிறவர் ஒருவர், மறுபக்கக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். குழித்தறியிலிருந்து எழுவதே ஒரு வேலை. அதனால் அவர்களும் தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார்கள்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது

நம் பகுதி மளிகைக்காரர் ஒருவரின் அனுபவத்தை அவர் அனுமதியோடு சொல்கிறோம். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. வெல்லம், மைதா, கடலை மாவு, எண்ணெய் டின் என்று கடனுக்கு வாங்கிக் கடை நிறைய அடுக்கியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, இடுப்பைச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்கியது. வாயு என்று நினைத்து சோடா குடித்தார். வாந்தி எடுத்தார். உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி. ஸ்கேன் எடுத்ததில் சிறுநீர்க் குழாயில் 7 மில்லிமீட்டர் கல். உள்ளே குழாய்க் கருவி விட்டுக் கல்லை உடைத்து எடுத்தார்கள். தீபாவளி முடிந்தபின்தான் கடைக்கு வந்தார். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி தை வரைக்கும் இழுத்தது.

நாளொன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார் மருத்துவர். மூன்று மாதம் குடித்தார். வலி மறந்தது, தண்ணீரும் மறந்தது. மூன்றாம் ஆண்டு வலது பக்கம்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் வருகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்த கணக்கு. கல்லை எடுப்பது இன்று பெரிய காரியமாக இல்லை. 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடம்பைக் கிழிக்காமல் வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கும் முறையை முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்து காட்டினார்கள். டோர்னியர் என்ற விமானக் கம்பெனி, வேகமாகப் பறக்கும் விமானத்தின்மேல் மழைத்துளி மோதுவதால் உண்டாகும் அதிர்வை ஆராயப்போய்க் கிடைத்த யோசனை அது. ஆனால் எந்தக் கருவியும் அடுத்த கல் விளைவதைத் தடுப்பதில்லை.

தடுப்பது தண்ணீர்தான் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. இத்தாலியில் பார்மா நகர மருத்துவர்கள், முதல்முறை கால்சியம் கல் வந்த 199 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரை, தினமும் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்றப் பிரிவுக்கு எதுவும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டு பார்த்தார்கள். தண்ணீர் குடித்த பிரிவில் 12 பேருக்குக் கல் திரும்பி வந்தது. மற்றப் பிரிவில் 27 பேருக்கு வந்தது. 1996-ல் வெளியான முடிவு இது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, வெறும் தண்ணீர். இவ்வளவு மலிவான சரக்கில் இவ்வளவு லாபம் வேறு எதில் கிடைக்கும்?

எவ்வளவு, எப்படி

உள்ளே போகிற தண்ணீரை அளப்பதைவிட வெளியே போவதைக் கவனிப்பதே சரியான முறை. நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. அதற்கு நம் ஊர் வெயிலில் மூன்று லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் கிடங்கு வேலை இருந்தால் இன்னும் கூடுதலாக. சந்தேகமிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு பழைய அளவுப் பாத்திரத்தை வைத்து 24 மணி நேரம் அளந்து பாருங்கள். கடையில் உளுந்தை அளக்கிறோம், எண்ணெயை அளக்கிறோம், இதை ஒருநாள் அளந்தால் என்ன குறைந்துவிடும்? அளக்கக் கூச்சப்படுபவர்கள் நிறத்தைப் பார்த்தாலே போதும். வைக்கோலின் வெளிர் நிறம் என்றால் சரி. நல்லெண்ணெய் நிறம் என்றால் உடனே சொம்பை எடுக்க வேண்டியதுதான்.

ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு மாலைவரை சும்மா இருப்பதில் பயனில்லை. ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைத் தராசுக்குப் பக்கத்தில் வையுங்கள். பதினொரு மணிக்குள் ஒரு பாட்டில், மூன்று மணிக்குள் இரண்டாவது, கடை அடைப்பதற்குள் மூன்றாவது. படுக்கப் போகும்முன் ஒரு டம்ளர். நடு இரவில் ஒருமுறை எழுந்தால் அதைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். சிறுநீர் கெட்டியாவது பெரும்பாலும் இரவில்தான். கொள்முதலுக்கு இரவு பஸ்ஸில் சென்னைக்குப் போகிறவர்கள், வழியில் இறங்க முடியாதென்று மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்துகிறார்கள். போய் இறங்கியவுடனாவது அந்தக் கடனை அடைத்துவிட வேண்டும்.

டீ, காபியும் கணக்கில் சேரும். ஆனால் ஆறு டீக்குப் பன்னிரண்டு ஸ்பூன் சர்க்கரை உள்ளே போவது நல்லதில்லை. சர்க்கரை போட்ட பாட்டில் பானங்கள் கல்லுக்குத் துணை போகின்றன என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றை விற்பதோடு நிறுத்திக்கொள்வோம். மோர், இளநீர், பார்லிக் கஞ்சித் தண்ணீர் எல்லாம் நல்லவை. மோரில் உப்பு மட்டும் குறைவாக இருக்கட்டும்.

நம் ஊரில் பலருக்கு இருக்கும் இன்னொரு நம்பிக்கை, போர் தண்ணீரின் உப்புத்தான் கல்லாகிறது என்பது. பாத்திரத்தில் படியும் வெள்ளையைப் பார்த்து அப்படி நினைக்கிறோம். கடின நீரால் கல் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கேன் தண்ணீர் வரும்வரை குடிக்காமல் காத்திருப்பதைவிட, சுத்தமான குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி நிறையக் குடிப்பது மேல்.

இதய பலவீனம் உள்ளவர்கள், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்கள் இந்த அளவைத் தாமாகப் பின்பற்றக் கூடாது. தண்ணீராயினும் இளநீராயினும் அவர்களுக்கு மருத்துவர் சொல்வதே அளவு.

மாத லிஸ்டில் உப்பு

சாப்பாட்டு விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. உடம்பு அதிக உப்பை வெளியேற்றும்போது கால்சியத்தையும் சேர்த்துச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. நம் தொழில் கணக்கில் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். நம் கடைக்கு வரும் மாத லிஸ்டில் எழுதியிருப்பது என்ன? கல் உப்பு ஒரு கிலோ, தூள் உப்பு ஒரு கிலோ. கழுவவும் கொட்டவும் கொஞ்சம் போனாலும் மிச்சம் வயிற்றுக்குத்தான். இதற்கு மேல் அப்பளம், வடகம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர் பாக்கெட். இவற்றில் உள்ள உப்பு லிஸ்டில் உப்பு என்று வருவதே இல்லை. மதியம் கல்லாவில் உட்கார்ந்தபடி தயிர்சாதத்துக்கு ஊறுகாயும் இரண்டு அப்பளமும் வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தயிர்சாதம் இருக்கட்டும், ஊறுகாய்தான் குறைய வேண்டும்.

தயிர்சாதம் இருக்கட்டும் என்றதும் சிலர் திகைக்கலாம். கல்லில் கால்சியம் இருப்பதால் பால், தயிர், மோர் எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்கள் நம்மிடையே நிறைய. இது தலைகீழான வழக்கம். பாலில் உள்ள கால்சியம், சாப்பாட்டில் உள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக் கட்டி மலத்தோடு அனுப்பிவிடுகிறது. பாலை நிறுத்தினால் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் போகிறது. அதே பார்மா நகர மருத்துவர்கள் 2002-ல் இதையும் நிரூபித்தார்கள். அடிக்கடி கல் வரும் 120 ஆண்களில் 60 பேருக்குக் கால்சியம் குறைந்த சாப்பாடு. 60 பேருக்கு வழக்கமான அளவு கால்சியத்தோடு உப்பும் மாமிசமும் குறைந்த சாப்பாடு. ஐந்து ஆண்டில் முதல் பிரிவில் 23 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 12 பேருக்கும் கல் திரும்பியது. ஆகவே பால் பாக்கெட் விற்பனையைப் பற்றி நாம் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. கால்சியம் மாத்திரை வேறு விஷயம். அதை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது, சொன்னால் சாப்பாட்டோடு சேர்த்தே போட வேண்டும்.

ஆக்சலேட் அதிகம் உள்ளவை பசலைக்கீரை வகைகள், முளைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட், முந்திரி, பாதாம், எள். அடியோடு விடச் சொல்லவில்லை. கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். கீரை செய்த அன்று கடைசியில் மோர்சாதம் இருந்தால் நல்லது. முந்திரி பாதாமைக் கொறிப்பதுதான் ஆபத்து. உடைந்த முந்திரி டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற தொழில் நம்முடையது. தக்காளி விதையே கல்லாகிறது என்ற பேச்சில் உண்மை இல்லை. தக்காளியில் ஆக்சலேட் மிகக் குறைவு. பாவம், அதை வீணாகக் குற்றவாளியாக்கிவிட்டோம்.

ஆட்டுக்கறி, ஈரல், நெத்திலிக் கருவாடு போன்றவை யூரிக் அமிலத்தை ஏற்றும். ஞாயிற்றுக்கிழமைக் கறியை யாரும் விடப்போவதில்லை. வாரம் நான்கு நாள் என்று ஆக்கிவிட வேண்டாம். எலுமிச்சம்பழம் நல்ல நண்பன். அதில் உள்ள சிட்ரேட், கால்சியம் படிகமாவதைத் தடுக்கிறது. நாளைக்கு இரண்டு பழம் தண்ணீரில் பிழிந்து, சர்க்கரையும் உப்பும் அதிகம் சேர்க்காமல் குடிக்கலாம்.

கல் கரைக்கும் பொடி

வாழைத்தண்டும் கொள்ளுத் தண்ணீரும் நெருஞ்சிலும் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இருப்பவை. அவற்றைக் குறை சொல்வது நம் நோக்கமில்லை. சிறுநீர் நன்றாகப் போக உதவும் அளவில் நன்மையே. ஆனால் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறுபவை என்பதையும் மறக்கக் கூடாது. வாழைத்தண்டுச் சாறு குடித்த வாரத்தில் கல் விழுந்தால் புகழ் வாழைத்தண்டுக்குப் போகிறது. 10 மில்லிமீட்டர் கல்லுக்கு இதே வைத்தியத்தை ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்தால் சிறுநீரகமே வீங்கிப் பழுதாகிவிடும். வலி நின்றுவிட்டது என்பதால் கல் போய்விட்டது என்று பொருளில்லை. அடைத்துக்கொண்ட கல் வலிக்காமலும் இருக்கும். எந்த வைத்தியம் பார்த்தாலும் தொடக்கத்தில் ஒரு ஸ்கேன், சில வாரம் கழித்து ஒரு ஸ்கேன், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இயற்கையானது எதுவும் கெடுக்காது என்பதும் சரியில்லை. கேரளத்தில் இரும்பன் புளி என்று சொல்லும் ஒருவகைப் புளிப்புக் காயின் சாற்றை மருந்தென்று ஏராளமாகக் குடித்த பத்துப் பேருக்கு, அதிலிருந்த ஆக்சலேட்டால் திடீரென்று சிறுநீரகம் செயலிழந்ததை 2013-ல் அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வியாபாரிகள் என்ற முறையில் நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பையில் போட்டு, லேபிள் இல்லாமல், "ஏழு நாளில் கல் கரையும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகும் பொடிகளைக் கடையில் வைக்க வேண்டாம். சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் தயாரிப்பு உரிம எண் லேபிளில் இருக்க வேண்டும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் சிறுநீரகக் கல்லும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். அந்தப் போஸ்டர் நம் கடைச் சுவரில் ஒட்டியிருந்தால் கேள்வி நம்மிடமும் வரும்.

அலமாரிச் சரக்கே கல்லாக மாறிய கதையும் ஒன்று உண்டு. 2008-ல் சீனாவில் பாலில் தண்ணீர் கலந்தவர்கள், சோதனையில் புரதம் குறையாமல் தெரிவதற்காக மெலமைன் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் பொருள் அது. அந்தப் பாலில் செய்த குழந்தை மாவைக் குடித்த ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. பலவற்றுக்குச் சிறுநீரகத்தில் கல். ஆறு குழந்தைகள் இறந்தன. சான்லு என்ற அந்தப் பெரிய கம்பெனியின் தலைவிக்கு ஆயுள் தண்டனை, கலப்படத்தோடு தொடர்புடைய இருவருக்கு மரண தண்டனை. சீனப் பால் பொருட்களின் இறக்குமதிக்கு இந்தியா அதே ஆண்டு தடை விதித்தது. அந்த மாவை விற்ற மளிகைக்காரர்களில் எத்தனை பேருக்கு உள்ளே இருப்பது தெரிந்திருக்கும்? சில்லறையாக வரும் பால் பவுடரை பில் இல்லாமல், தொகுதி எண் இல்லாமல் வாங்குவதில்லை என்று நாம் உறுதியாக இருப்பதற்கு இது ஒன்றே போதும்.

எப்போது கடையைப் பூட்ட வேண்டும்

வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்று கல்லாவைப் பூட்டிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்திருக்கிறது என்று பொருள். அது உயிருக்கே ஆபத்து. சிறுநீர் அறவே வராமல் போனாலும், ஒரே சிறுநீரகம் உள்ளவராக இருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக் கல்லைத் தள்ளப் பார்ப்பதும், பீர் குடிப்பதும் பயனற்றவை. கடையிலிருக்கும் வலி மாத்திரைகளை நாளுக்கு நான்கைந்து என்று தாமே போட்டுக்கொள்வது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர்க் குழாயில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். குறித்த நாளில் அதை எடுத்தாக வேண்டும். முகூர்த்த சீசன் முடியட்டும், ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அதன்மேலேயே கல் படிந்துவிடும். பிறகு அதை எடுப்பது முதல் சிகிச்சையைவிடக் கடினம்.

விழுந்த கல்லை வீணாக்கக் கூடாது. டீ வடிகட்டி ஒன்றை ஒதுக்கி, சில நாள் அதன் வழியாகச் சிறுநீர் கழித்தால் கல் கிடைக்கும். அதைச் சோதனைக்குக் கொடுத்தால் கால்சியமா, யூரிக் அமிலமா என்று தெரியும். யூரிக் அமிலக் கல்லை, மருத்துவர் மேற்பார்வையில் மருந்தாலேயே கரைக்க முடியும். இன்ன சரக்கென்று தெரியாமல் நாம் விலை பேசுவதுண்டா?

எழுந்து போக ஓர் இடம்

இவ்வளவு சொன்னபிறகும் பழைய கேள்வி நிற்கிறது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டு முன்கட்டில் கடை வைத்திருப்பவர்களுக்குப் பின்கட்டு இருக்கிறது. வாடகைக் கடைக்காரருக்கு? எட்டுக்குப் பத்தடிக் கடையில் கழிப்பறை எங்கே வரும்? ஆண்கள் எங்காவது ஒதுங்கிக்கொள்கிறார்கள், அதுவும் சரியில்லை. கடையில் வேலை பார்க்கிற பெண்கள், கணவர் கொள்முதலுக்குப் போயிருக்கும்போது கல்லாவில் உட்காருகிற நம் வீட்டுப் பெண்கள், காலை முதல் மாலைவரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். அடக்குவதற்காகவே தண்ணீரை விடுகிறார்கள். கிருமித் தொற்று அவர்களுக்கு எளிதில் வருகிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெப்பத்தில் வேலை செய்யும் பெண்கள் கழிப்பறை இல்லாத காரணத்தால் படும் சிறுநீரகத் தொல்லைகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் இதற்காகவே போராட வேண்டியிருந்தது. விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய பெண்கூட்டு அமைப்பு, கழிப்பறையையும் உட்கார நாற்காலியையும் கேட்டது. 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் செய்தது. அங்கே முதலாளிகள் எதிர்ப்பக்கம் நின்றார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் அந்த நிலை வருமுன் நாமே செய்துவிடலாம். ஏனென்றால் இது நம் சொந்த உடம்புக்கும் வேண்டியிருக்கிறது.

பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரே வரிசையில் உள்ள நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து, பக்கத்து வீட்டு வெளிக் கழிப்பறை ஒன்றை மாத வாடகைக்குப் பேசலாம். சாவி ஒவ்வொரு கடையிலும் ஒன்று. சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம் பங்கு. ஒருவர் எழுந்து போகும்போது அடுத்த கடைக்காரர் இரண்டு கல்லாவையும் பார்த்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை, தொழுகைக்கும் பூஜைக்கும் போகும்போது செய்வதுதான். பொதுக் கழிப்பறை வேண்டிய இடங்களுக்கு மாநகராட்சியிடம் சங்கம் மனுக் கொடுக்கலாம். வைகாசிக் கருட சேவைக்கு ஊர் முழுவதும் தண்ணீர்ப்பந்தல் போட்டு மோர் ஊற்றுகிற வணிகர்களுக்கு இது பெரிய செலவாகத் தோன்றாது.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள், தங்கள் தெருவில் எந்த வரிசைக் கடைகளுக்குக் கழிப்பறை வசதி இல்லை, அங்கே எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.